பிளக் செருகியாச்சு, இன்ஜின் சூடேறிச்சா? டீசல் டிரக்கில் பிளாக் ஹீட்டர்: புதிய ஓட்டுநர்களுக்கு

உறைகுளிரில் டிரக் ஓட்ட வந்த முதல் வருஷம். மைனஸ் 28 டிகிரி செல்சியஸ் இருந்த ஒரு விடியற்காலையில் சாவியைத் திருப்பினேன். செல்ஃப் ஒரே ஒரு தடவை முனகிவிட்டு நின்றுபோனது. முந்தின இரவே, நின்றிருக்கும் இன்ஜினைக் கரண்ட்டில் சூடேற்றி வைக்கும் பிளாக் ஹீட்டரின் வயரைச் செருகிவிட்டுத்தான் படுத்திருந்தேன். எட்டு மணி நேரம் செருகிக் கிடந்தும் இன்ஜின் கல் மாதிரி சில்லென்று இருந்தது. விசாரித்தபோதுதான் தெரிந்தது: நான் தூங்கப் போன பிறகு பக்கத்தில் இன்னொரு டிரக் வந்து நின்று, அதே லைனில் தன் ஹீட்டரையும் செருகியிருக்கிறது. பிரேக்கர் டிரிப் ஆகிவிட்டது. விடியும்வரை இரண்டு வண்டிக்குமே கரண்ட் இல்லை.

பிளக் செருகுவது வேறு, இன்ஜின் சூடேறுவது வேறு. புதிதாக வருகிறவர்கள் முதலில் மனதில் பதிய வைத்துக்கொள்ள வேண்டியது இதுதான். கீழே சொல்லும் வேலைகளில் பெரும்பாலானவை, செருகிய ஹீட்டர் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்வதற்கானவை.

டீசல் ஏன் குளிருக்கு இவ்வளவு பயப்படுகிறது

பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறி தர ஸ்பார்க் பிளக் உண்டு. டீசலில் அது கிடையாது. பிஸ்டன் காற்றைச் சுமார் 15 முதல் 20 மடங்கு வரை நெருக்கும். அந்த நெருக்கத்திலேயே காற்று 500 டிகிரிக்கு மேல் கொதிக்கும். அதில் பீய்ச்சப்படும் டீசல் தானாகப் பற்றிக்கொள்ளும். இன்ஜின் உறைந்து கிடந்தால், நெருக்கிய காற்றின் சூட்டைச் சுற்றியிருக்கும் இரும்பே உறிஞ்சிவிடும். செல்ஃப் மெதுவாகச் சுழன்றால் இன்னும் மோசம். பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாகக் காற்று கசிய நேரம் கிடைப்பதால் அழுத்தமும் குறைந்துவிடும். அப்போது டீசல் பற்றாமல் வெள்ளைப் புகையாகச் சைலன்சர் வழியே வெளியே வரும்.

அந்த நேரத்தில் ஆயிலும் சேர்ந்து சதி செய்யும். 15டபிள்யூ-40 ஆயிலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அந்த 15டபிள்யூ என்பது மைனஸ் 20 டிகிரியில் இன்ஜினைச் சுழற்ற விடுமா, மைனஸ் 25 டிகிரியில் பம்ப் இழுக்குமா என்று சோதித்துக் கொடுத்த தரம். அதற்கும் கீழே குளிர் இறங்கினால் அந்த ஆயில் தேன் மாதிரி இறுகிவிடும். 10டபிள்யூ என்றால் 5 டிகிரியும், 5டபிள்யூ என்றால் 10 டிகிரியும் கூடுதலாகத் தாங்கும். பேட்டரியும் அதே நேரத்தில் சோர்ந்துபோகும். மைனஸ் 18 டிகிரியில் அதன் பலம் ஏறக்குறைய பாதிதான். இன்ஜினைச் சுழற்றத் தேவைப்படும் பலமோ, வெயில் காலத்தில் தேவைப்படுவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பாதி பலத்தை வைத்துக்கொண்டு இரட்டைப் பாரத்தை இழுக்க வேண்டிய நிலை.

பிளாக் ஹீட்டர் முதலில் சூடேற்றுவது கூலன்ட்டை, அதாவது ஓடும் இன்ஜினைக் குளிர்விக்க அதற்குள் சுற்றுகிற திரவத்தை. கூலன்ட்டின் சூடு சிலிண்டர் சுவருக்கு ஏறும், ஆயிலும் ஓரளவு இளகும். வீட்டில் வாளித் தண்ணீரைக் காய்ச்ச உள்ளே விடுகிற காயில் மாதிரிதான் இதுவும். இன்ஜின் பிளாக்கில் ஒரு துளைக்குள் பொருத்தியிருப்பார்கள், கரண்ட் கொடுத்தால் காயும். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் 1949-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய வடிவம் சிலிண்டர் ஹெட்டின் ஒரு போல்ட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் போடுகிற மாதிரி இருந்தது. அந்தப் பக்கத்து ஆட்கள் சிலர் இன்றைக்கும் இதை ஹெட் போல்ட் ஹீட்டர் என்றுதான் சொல்கிறார்கள்.

முதல் வேலை: உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

குளிர் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே, கை விறைக்காத ஒரு பகலில் இதைச் செய்யுங்கள். முன்பக்க கிரில், பம்பர், அல்லது டிரைவர் ஏறும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் மூடி போட்ட ஒரு பிளக் தெரியும். தெரியாவிட்டால் பானெட்டைத் திறந்து பாருங்கள். சில வண்டிகளில் வயரைச் சுருட்டி உள்ளேயே கட்டி வைத்திருப்பார்கள். இன்னும் சிலவற்றில் ஹீட்டர் மட்டும் பிளாக்கில் இருக்கும், வயரைத் தனியாக வாங்க வேண்டும். வயர் இருப்பதால் ஹீட்டரும் இருக்கிறது என்றோ, ஹீட்டர் இருப்பதால் வயரும் இருக்கிறது என்றோ நினைத்துவிடாதீர்கள்.

பிறகு வண்டியின் கையேட்டில் ஹீட்டர் எத்தனை வாட் என்று தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். பிக்கப் டிரக்கில் 750 வாட் அளவிலும், பெரிய டிராக்டர் டிரெய்லர்களில் 1,000 முதல் 1,500 வாட் வரையிலும் இருக்கும். எத்தனை வோல்ட் என்பதையும் பார்க்க வேண்டும். வட அமெரிக்க வண்டி என்றால் 120, ஐரோப்பிய வண்டி என்றால் 230. அந்த ஊர் வண்டியை இந்த ஊர் பிளக்கில் அடாப்டர் போட்டுச் செருகினால் ஹீட்டர் எரிந்துபோகும், அல்லது சூடே ஏறாது.

ஆயில் சம்ப்புக்கு, அதாவது இன்ஜினுக்குக் கீழே ஆயில் தேங்கும் தொட்டிக்கு, அடியில் ஒட்டுகிற பேட் ஹீட்டரும் உண்டு. பிளாக் ஹீட்டரோடு சேர்த்துப் போட்டால் நல்ல பலன். ஆனால் அதன் வாட்டையும் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

இரண்டாவது: மீட்டர் வைத்துச் சோதியுங்கள்

பத்து நிமிஷ வேலை. பலர் செய்வதில்லை. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, வண்டிப் பிளக்கின் இரண்டு தட்டைப் பின்களுக்கு நடுவே அளந்து பாருங்கள். 120 வோல்ட்டில் 750 வாட் ஹீட்டர் என்றால் சுமார் 19 ஓம் காட்டும், 1,000 வாட் என்றால் 14, 1,500 வாட் என்றால் 10-க்குச் சற்றுக் குறைவு. 230 வோல்ட்டில் 1,000 வாட் என்றால் 53. உங்கள் ஹீட்டருக்கு நீங்களே கணக்குப் போடலாம்: வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி, வாட்டால் வகுத்தால் ஓம் வரும். இதை ஒட்டிய எண் வந்தால் காயில் நன்றாக இருக்கிறது. மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால் காயில் அறுந்திருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம். எர்த் பின்னுக்கும் மற்றப் பின்னுக்கும் நடுவே எண் ஏதாவது வந்தால் அந்த ஹீட்டரைச் செருகவே கூடாது. உள்ளே கரண்ட் கசிகிறது என்று அர்த்தம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சில வண்டிகளின் வயரிலேயே தெர்மோஸ்டாட் வைத்திருப்பார்கள். மைனஸ் 18 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தால்தான் அது கரண்ட்டை உள்ளே விடும். பத்து டிகிரி வெயிலில் மீட்டர் வைத்துவிட்டு ஹீட்டர் செத்துப்போச்சு என்று புதிதாக ஒன்று வாங்கினவர்களை எனக்குத் தெரியும். கையேட்டில் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

சோதிக்கும்போதே வயர் முழுவதையும் விரலால் தடவிப் பாருங்கள். மேலுறை வெடித்த இடம், பச்சை பூத்த பின், கருகின பிளக் முனை எதுவாக இருந்தாலும் வயரை மாற்றிவிடுங்கள். சாலையில் தூவும் உப்பு இந்த இணைப்புகளை அரித்துத் தின்னும். அரித்த இணைப்பு சூடேறித் தீப்பிடித்த சம்பவங்களால் தயாரிப்பாளர்களே வண்டிகளைத் திரும்ப அழைத்து வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் வண்டிக்கு அப்படி ஓர் அழைப்பு நிலுவையில் இருக்கிறதா என்று சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: கூலன்ட்

ஹீட்டர் காயில் எப்போதும் கூலன்ட்டுக்குள் மூழ்கியே இருக்க வேண்டும். கூலன்ட் குறைந்தோ, உள்ளே காற்று அடைத்தோ, காயில் வெறுமனே காய்ந்தால் சீக்கிரம் எரிந்துவிடும். புதிதாக ஹீட்டர் மாட்டினாலும், கூலன்ட் மாற்றினாலும், இன்ஜினை ஓட்டிக் காற்றை முழுதாக வெளியேற்றி, அளவு பார்த்து ஊற்றிய பிறகே கரண்ட் கொடுங்கள்.

தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. அப்படியானால் கிளைக்காலை நிறைய ஊற்றினால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். அது தவறு. தண்ணீர் கலக்காத கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியை ஒட்டியே உறைந்துவிடும்.

நான்காவது: எக்ஸ்டென்ஷன் வயர்

வண்டி கிளம்பாத காலைகளில் நான் பார்த்தவரை அதிகம் பழி சுமக்க வேண்டியது இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்ப் வரும். 1,500 வாட், 120 வோல்ட் என்றால் 12.5 ஆம்ப். மணிக்கணக்கில் ஓடுகிற பாரத்துக்கு, பிரேக்கர் அளவில் 80 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது வட அமெரிக்க மின் விதி. 15 ஆம்ப் பிரேக்கரில் 12 ஆம்ப்தான் எல்லை. ஆகவே 1,500 வாட் ஹீட்டருக்கு 20 ஆம்ப் லைன் வேண்டும். என் கதையில் இரண்டு வண்டியும் சேர்ந்து 25 ஆம்ப் இழுத்திருக்கின்றன. பிரேக்கர் தன் வேலையைத்தான் செய்தது. நிறுத்துகிற இடத்தில் எந்தப் பாயிண்ட் எந்த பிரேக்கரில் வருகிறது, வேறு என்னவெல்லாம் அதில் ஓடுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் கூச்சமே வேண்டாம்.

வயரின் கனமும் முக்கியம். வட அமெரிக்க கேஜ் கணக்கில் எண் குறையக் குறைய வயர் தடிமனாகும். பெரிய ஹீட்டருக்கு 7 மீட்டர் நீளம் வரை 14 கேஜ் போதும், 15 மீட்டர் வரை என்றால் 12 கேஜ் போடுங்கள். மில்லிமீட்டர் கணக்கு உள்ள நாடுகளில் 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் குறுகிய தூரத்துக்கு, நீளம் கூடினால் 2.5. வீட்டில் டேபிள் லைட்டுக்குப் போடுகிற மெல்லிய வயரைப் போட்டால் ஹீட்டருக்குப் போக வேண்டிய சூடு வயரிலேயே தங்கும். மேலுறை உருகும். அங்கேதான் நெருப்பு தொடங்குகிறது.

மூன்று பின் உள்ள, வெளியிடங்களுக்கென்று செய்த, கடுங்குளிரிலும் வளைகிற உறை கொண்ட வயராகப் பார்த்து வாங்குங்கள். சாதாரண வயர் மைனஸ் 30-இல் குச்சி மாதிரி விறைத்து, வளைத்தால் வெடிக்கும். மீதி நீளத்தைச் சுருட்டி வைக்காமல் பரத்திப் போடுங்கள், சுருளுக்குள் சூடு அடைபடும். இரண்டு வயர் சேரும் முனை பனியிலோ தண்ணீரிலோ கிடக்காமல் தொங்கட்டும். கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் பாதுகாப்பு உள்ள பாயிண்டில் மட்டும் செருகுங்கள்.

ஐந்தாவது: எப்போது செருகுவது, எவ்வளவு நேரம்

கையேடு சொல்வதற்குத்தான் முதல் மரியாதை. அது தெளிவாகச் சொல்லாதபோது நான் வைத்திருக்கும் கணக்கு இது: 15டபிள்யூ-40 ஊற்றின பெரிய டீசல் இன்ஜின் என்றால் மைனஸ் 10 டிகிரியிலிருந்தே செருகுவேன். மைனஸ் 18-க்குக் கீழே போனால் செருகாமல் தூங்கப் போக மாட்டேன்.

சிறிய இன்ஜினுக்கு 2 மணி நேரம், பெரியதற்கு 3 முதல் 4 மணி நேரம் பெரும்பாலும் போதும். அதற்குப் பிறகு ஹீட்டர் கொடுக்கும் சூடும் வெளிக்குளிர் பறிக்கும் சூடும் சரிக்குச் சரியாகிவிடும். இரவு முழுக்க ஓட விட்டாலும் இன்ஜின் அதற்கு மேல் காயாது. 1,000 வாட் ஹீட்டர் 4 மணி நேரம் ஓடினால் 4 யூனிட், 12 மணி நேரம் ஓடினால் 12 யூனிட். அதனால்தான் டைமர் வைக்கச் சொல்கிறார்கள். ஆனால் அந்த டைமரும் 15 ஆம்ப் தாங்குகிற, எர்த் உள்ள, வெளியிட டைமராக இருக்க வேண்டும். மைனஸ் 30-க்குக் கீழே குளிர் போகும் என்று தெரிந்தால் நான் டைமரை நம்புவதில்லை. நேரடியாகச் செருகிவிடுவேன். அந்த ஒரு இரவில் சில யூனிட் மிச்சம் பிடிப்பதைவிடக் காலையில் வண்டி கிளம்புவது முக்கியம்.

காற்று பலமாக வீசும் இரவில் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிக்குளிருக்குக் கீழே இன்ஜினைக் காற்று கொண்டுபோகாது. ஆனால் ஹீட்டர் கொடுத்த சூட்டை வேகமாக அள்ளிக்கொண்டு போய்விடும். வண்டியின் மூக்கைக் காற்றுக்கு எதிராக நிறுத்தாதீர்கள். கிரில்லுக்குக் குளிர்கால உறை போட்டால் நல்ல உதவி.

ஆறாவது: இரவில் செருகும் முறை

இன்ஜினை அணைத்த பிறகே தொடங்குங்கள். முதலில் வண்டிப் பக்கத்துப் பிளக், பிறகு சுவர்ப் பக்கம். கழற்றும்போது தலைகீழ்: முதலில் சுவர், பிறகு வண்டி. இப்படிச் செய்தால் வண்டிப் பக்கத்து முனையில் பொறி பறக்காது.

செருகியவுடன் ஒரு நிமிஷம் பானெட் பக்கம் காதை வையுங்கள். பல ஹீட்டர்கள், பால் காயத் தொடங்கும்போது வருகிற மாதிரி, லேசாக உஸ்ஸென்று சத்தம் போடும். சத்தம் கேட்காத ஹீட்டரும் உண்டு. அதனால் வாட் காட்டும் மீட்டர் ஒன்றைச் சுவர்ப் பாயிண்டில் மாட்டுவது இன்னும் நிச்சயம். 1,000 வாட் ஹீட்டர் என்றால் ஆயிரத்தை ஒட்டி எண் தெரிய வேண்டும். விளக்கு எரிகிற பிளக் முனையுள்ள எக்ஸ்டென்ஷன் வயரும் கிடைக்கும். அந்த விளக்கு வயரில் கரண்ட் இருப்பதை மட்டும்தான் சொல்லும், காயில் காய்கிறது என்று சொல்லாது.

அரை மணி நேரம் கழித்து ஒருமுறை இறங்கி வாருங்கள். குளிரில் மறுபடி ஜாக்கெட் மாட்டி இறங்குவது கஷ்டம்தான், ஆனாலும் வாருங்கள். பிளக் இணைப்பைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே பின் தளர்ந்திருக்கிறது, கழற்றிவிடுங்கள். பாயிண்டில் இன்னும் கரண்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். அன்றைக்கு நான் இதைச் செய்திருந்தால் எனக்கு ஒரு நாள் லோடு போயிருக்காது.

ஏழாவது: காலையில்

சுவர்ப் பக்கம் கழற்றி, வயரைச் சுருட்டி, வண்டிப் பிளக்குக்கு மூடி போட்டு, ஃபேன் பெல்ட்டுக்கும் சைலன்சர் குழாய்க்கும் எட்டாத இடத்தில் கட்டுங்கள். மறந்துபோய் வயரோடு கிளம்பிவிடுவோமோ என்ற பயம் இருந்தால், எக்ஸ்டென்ஷன் வயரைக் கதவுக் கைப்பிடியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் செருகுங்கள். கதவைத் திறக்கும்போது கையில் தட்டும்.

சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பி, கூலன்ட் சூட்டைப் பாருங்கள். வெளிக்குளிரைவிட நன்றாக மேலே நிற்க வேண்டும். வெளியே மைனஸ் 25, கூலன்ட்டும் மைனஸ் 25 என்றால் ஹீட்டர் வேலை செய்யவில்லை. அந்த நிலையில் செல்ஃப் அடித்துப் பேட்டரியைக் கொல்லாதீர்கள். காரணத்தைக் கண்டுபிடித்து, இன்னும் சில மணி நேரம் காய விடுங்கள்.

சூடு சரி என்றால், குளோ பிளக் (சிலிண்டருக்குள் பழுக்கும் சிறு காயில்) அல்லது இன்டேக் ஹீட்டர் (உள்ளே போகும் காற்றைச் சூடாக்குவது) விளக்கு அணையும்வரை காத்திருந்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரே மூச்சில் 30 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். எடுக்காவிட்டால் இரண்டு நிமிஷம் மோட்டாரை ஆற விடுங்கள். ஓடத் தொடங்கியதும் ஆயில் அழுத்தம் ஏறுகிறதா என்று பாருங்கள். உடனே ஏறவில்லை என்றால் அணைத்துவிடுங்கள். ஆக்சிலேட்டரை மிதித்து உறும விடாதீர்கள். மூன்று முதல் ஐந்து நிமிஷம் ஓட விட்டு, மெதுவாகக் கிளப்புங்கள். இன்ஜின்தான் காய்ந்திருக்கிறது. கியர் பாக்ஸ், ஆக்சில், டயர், பவர் ஸ்டீயரிங் எல்லாம் இன்னும் வெளிக்குளிரிலேயே இருக்கின்றன.

கிளம்பாத இன்ஜினைக் கிளப்பக் காற்று போகும் வழியில் அடிக்கிற ஈத்தர் ஸ்பிரே பற்றி ஒரு வார்த்தை. குளோ பிளக்கோ இன்டேக் ஹீட்டரோ உள்ள இன்ஜினில் அதை அடிக்கவே கூடாது. பழுத்திருக்கும் காயிலில் பட்டு உள்ளேயே வெடிக்கும்.

இந்த ஹீட்டர் செய்யாத வேலைகள்

டேங்கில் உள்ள டீசலை இது தொடாது. குளிரில் டீசலில் உள்ள மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கும். இன்ஜின் அருமையாக ஸ்டார்ட் ஆகி, பத்து நிமிஷத்தில் நடுரோட்டில் மூச்சு திணறி நின்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். குளிர்கால டீசல் போடுங்கள். வெதுவெதுப்பான இடத்தில் நிரப்பிய டீசலோடு உறைகுளிர்ப் பகுதிக்குள் நுழையும்போது அதிக கவனம் வேண்டும். மெழுகு கட்டாமல் இருக்க ஊற்றும் மருந்தை முன்கூட்டியே ஊற்றினால்தான் பலன், இறுகிய பிறகு ஊற்றினால் அது கரைக்காது. ஃபில்டரின் தண்ணீர்ப் பிரிப்பானையும் அடிக்கடி திறந்து வடிகட்டுங்கள். அந்தத் தண்ணீர் உறைந்தாலும் டீசல் போகாது.

டெஃப் திரவம், அதாவது புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்றும் யூரியா கரைசல், மைனஸ் 11 டிகிரியில் உறையும். உறைந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓட ஓட அதன் சொந்த ஹீட்டர் கரைத்துவிடும். உறையும்போது விரியும் என்பதால் அந்த டேங்கை மட்டும் விளிம்பு வரை நிரப்பாதீர்கள். பேட்டரியைச் சார்ஜ் நிறைய வைத்திருங்கள். சார்ஜ் இறங்கின பேட்டரி மைனஸ் 10 டிகிரியை ஒட்டியே உறைந்துவிடும். உறைந்த பேட்டரிக்கு ஜம்ப் கொடுத்தால் வெடிக்கலாம்.

பிளக் பாயிண்டே இல்லாத இடத்தில்

இரவெல்லாம் ஐட்லிங்கில் விடுவதுதான் பலருக்குத் தெரிந்த வழி. பெரிய டிரக் மணிக்குச் சுமார் 3 லிட்டர் குடிக்கும். பாரமில்லாமல் நெடுநேரம் ஓடினால் புகை ஃபில்டரில் கரி அடையும். பல இடங்களில் அதற்கு அபராதமும் உண்டு. டீசலிலேயே எரிந்து கூலன்ட்டைச் சூடாக்கும் சிறிய ஹீட்டரைப் பொருத்திக்கொண்டால், முழுச் சூட்டில் ஓடும்போதும் மணிக்கு அரை லிட்டருக்குச் சற்று மேலேதான் செலவு. பிளக் தேவையில்லை. ஆனால் பேட்டரியிலிருந்து கொஞ்சம் கரண்ட் எடுக்கும், புகைக்குழாய் பனியில் புதையாமல் பார்க்க வேண்டும், மூடிய கொட்டகைக்குள் ஓட்டவே கூடாது. அடிக்கடி தொலைதூரம் போய்ப் பாயிண்ட் இல்லாத இடங்களில் தங்குகிறவர் என்றால் என் பரிந்துரை இதுதான்.

அதுவும் இல்லாமல் மாட்டிக்கொண்டால், சூடான இன்ஜினை மாலையில் காற்றடிக்காத சுவர் ஓரம் நிறுத்தி, கிரில்லை மூடி, நடு இரவில் ஒருமுறை ஸ்டார்ட் செய்து நன்றாகக் காயும்வரை ஓட விடுங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் கிரில்லில் திணித்த துணி எதுவும் ஃபேன் பக்கம் இல்லையா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.